டிரம் மூடியைத் திறக்காத ஐந்து மணி நேரம்

என் மனைவியின் தம்பிக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஏழெட்டு மாதம் கடல், பிறகு இரண்டு மாதம் தூத்துக்குடி. ஒருமுறை அமெரிக்காவில் ஹூஸ்டன் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, இரும்பு டிரம்முக்குள் மணிக்கணக்காகப் புகையில் வெந்த இறைச்சியை அங்கே ஒரு கடையில் தின்றிருக்கிறான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கறி வைத்தாலும் அவன் பாராட்டு பெருமூச்சோடுதான் வரும்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா அங்கன தின்னது..." என்று இழுப்பான். அக்கா கரண்டியை ஓங்குவாள்.

வாயைக் கொடுத்தது நான்தான். "ஒரு டிரம்தானல, நானே செஞ்சு தாரேன்" என்றேன். சொன்னது மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மறுநாள் மதியம். என் நோட்டில் இருக்கிறது.

நான் எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன். ஆகவே முதல் இரண்டு தோல்விகளும் பத்திரமாக இருக்கின்றன. அந்த விடுமுறையில் செய்த முதல் டிரம்மின் உள் பெயிண்டைச் சரியாக எரிக்கவில்லை. அதில் வெந்த கோழி, பெயிண்ட் கடைபோல மணத்தது. தெருநாய் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. அடுத்த விடுமுறைக்கான டிரம்மில் குறை ஒன்றுமில்லை. அவன் வருவதற்குள் உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. காற்றுக்காக அடியில் போட்டிருந்த துளைகளைச் சுற்றித் துரு ஏறி, தூக்கும்போது அடித்தட்டு தரையிலேயே தங்கிவிட்டது. அவன் வெறும் வாயோடு கப்பலேறினான்.

மூன்றாவது முறை, அவன் ஊருக்கு வந்த மறுநாளே என்னைப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துப் போனான். துறைமுகச் சாலையில் இருக்கும் கடை.

"இதுல முன்ன என்ன இருந்துச்சு அண்ணாச்சி?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"எண்ணெ."

"என்ன எண்ணெ?"

"திங்குற எண்ணெதான். நம்பலன்னா நக்கிப் பாருங்க."

நக்கவில்லை. மோந்து பார்த்து, பாமாயில்தான் என்று இருவரும் முடிவு செய்தோம். இரண்டு மாலைகள் உடைமர விறகைப் போட்டு டிரம்மைச் செக்கச்செவேலென்று எரித்தோம். பட்டறையில் அடியில் மூன்று துளைகள் போட்டு, திருகி மூடும்படி குழாய் மூடிகள் வைத்தோம். கரி போட வலைத்தகட்டில் ஒரு கூடை. அதற்கு இரண்டடி மேலே இறைச்சி வைக்கக் கம்பித் தட்டு. புகை போக ஓரத்தில் சிறு குழாய் வைத்த கனமான மூடி. இந்த முறை துருவுக்கு இடம் கொடுக்கக் கூடாதென்று வெளிப்புறம் முழுக்க எண்ணெய் தடவிச் சூடேற்றினேன். மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை.

மனைவி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னைக்காவது ஒருநா தலைக்கு எண்ணெ தேச்சு விட்டிருப்பீயளா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

சூடு பார்க்க, பேக்கரி அடுப்புக்குள் தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கினேன். அதன் முகம் வெளியே தெரிய மூடியில் ஒரு ஓட்டை போடலாம் என்றான் மைத்துனன். துளையில்தான் துரு தொடங்கும் என்று இரண்டாவது டிரம் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. மாட்டேன் என்று சொல்லி, வெப்பமானியை உள்ளே கம்பித் தட்டிலேயே மாட்டினேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

நாள் குறித்தாயிற்று: சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு. புதனிலிருந்து தவக்காலம், வீட்டில் கறி கிடையாது. அந்த ஞாயிறு இரவு எட்டு மணி ரயிலில் அவன் சென்னை போய், அங்கிருந்து விமானத்தில் கப்பலுக்குப் போகிறான். தவறினால் இன்னொரு எட்டு மாதம்.

"இந்தத் தடவ திங்காம ரயிலேற மாட்டேன் அத்தான். கப்பல் காத்துக் கெடக்கட்டும்" என்று முதல் நாளே சொல்லி வைத்தான்.

"இதுவும் சொதப்புச்சுன்னா டிரம்மு என் முருங்கைக்குத் தண்ணித் தொட்டி" என்றாள் அவன் அக்கா.

முதல் பூசை முடிந்து வந்ததும் கரி மூட்டினேன். எட்டு மணிக்கு மசாலா தடவிய ஆட்டுத்தொடை உள்ளே போயிற்று. மைத்துனன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வரக் கிளம்பினான். நான் நாற்காலி போட்டு, நோட்டோடு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்குவேன், பார்ப்பேன், எழுதுவேன். 8.10க்கு நூற்று இருபது டிகிரி. 8.20க்குத் தொண்ணூறு. 8.30க்கு நூற்று அறுபது. தீ கொழுந்துவிடுகிறது என்று பயந்து அடித் துளைகளை மூடினேன். 8.40க்கு எழுபது, திறந்தேன். வரைபடமாகப் போட்டால் ரம்பப் பல்போல இருந்தது. கரியின் குணம் என்று ஓரத்தில் குறித்தேன். இரண்டு முறை கரியையும் மாற்றினேன்.

ஒரு மணிக்கு மைத்துனன் திரும்பியபோது தொடையின் வெளிப்புறம் கருகியிருந்தது. கத்தியால் குத்தியதும் சிவப்பாக நீர் வந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது. படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். நான் 1.10க்கு மூடியைத் தூக்கினேன். 1.20க்கு மறுபடி தூக்கினேன்.

"அத்தான், காலையிலேருந்து இப்படித்தான் தொறந்து தொறந்து பாக்குதீயளா?"

"பின்ன எப்படி எழுத?"

"எஞ்சின் ரூம்ல நாங்களும்தான் லாக் புக் எழுதுதோம். அதுக்காக ஓடுற எஞ்சினத் தொறந்து பாத்தா எழுதுதோம்?"

எனக்கு உறைத்தது. திறக்கும்போது சூடு வெளியே ஓடுகிறது, காற்று உள்ளே பாய்ந்து கரி கொழுந்துவிடுகிறது, நான் மிரண்டு துளைகளை மூடுகிறேன், அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் அணைந்துபோகிறது. காலையிலிருந்து நான் குறித்து வைத்தது டிரம்மின் சூட்டை அல்ல, என் கை செய்த கூத்தை.

"அப்போ மணிக்கு ஒருதடவ..." என்று ஆரம்பித்தேன்.

மனைவி நோட்டையும் பேனாவையும் என் மடியிலிருந்து எடுத்தாள். அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தாள். "ஒரு தடவையும் கெடையாது. அவன் பாத்துக்கிடுவான். நீங்க போய்ப் படுங்க. இல்லன்னா பன் வாங்கிட்டு வாங்க."

பன் வாங்கப் போனேன். திரும்பி வந்து முன்னறையில் உட்கார்ந்தேன். மைத்துனன் புதுக் கரி போட்டானாம். ஒரு துளையைப் பாதி திறந்து வைத்தானாம். குழாயில் வரும் புகையின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தானாம். எல்லாம் 'ஆம்'தான். நான் பார்க்கவில்லை. நான்கு மணிக்குப் பின்வாசல் பக்கம் நகர்ந்தபோது, "எங்க?" என்றாள் மனைவி. தண்ணீர் குடிக்க என்றேன். தண்ணீரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆறு நாற்பதுக்கு மூடியைத் திறந்தார்கள். எலும்பைப் பிடித்துத் தூக்கினால் எலும்பு மட்டும் வந்தது. மைத்துனன் நின்றுகொண்டே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடினான். நாங்கள் இருவரும் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு வெளையுற ஊர்ல இருந்துக்கிட்டு உப்பக் கம்மியாப் போட்டிருக்கீய அத்தான்" என்றான். பிறகு உட்கார்ந்து, ஏழே கால் வரை தின்றுகொண்டே இருந்தான். மூன்று வருடமாக நான் கேட்டு வந்த அந்தப் பெருமூச்சு வரவில்லை. மீதியைப் பொட்டலம் கட்டி ரயிலுக்கு எடுத்துப் போனான். பெட்டி முழுக்க வாசனை என்று கோவில்பட்டி தாண்டும்போது செய்தி அனுப்பினான்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து நாங்களே ஒருமுறை முயன்றோம். வெந்தது, ஆனால் அன்றைய ருசி வரவில்லை. சென்ற வாரம் கப்பலிலிருந்து அவன் கேட்டிருந்தான்: "எங்க குக் செஞ்சு பாக்கணுங்கான். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு அன்னைக்கு எழுதுன பக்கத்த அனுப்புங்க அத்தான். எனக்கும் மறந்துபோச்சு."

நோட்டை எடுத்தேன். அரிசித் தவிடு இன்னும் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. காலை முழுவதும் நெருக்கமாக எண்கள், பிறகு 1.20, அதன் கீழே 6.40, நடுவில் ஒன்றுமில்லை. பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, கீழே உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "ஒன்று இருபதுக்கு உன் அக்கா நோட்டைப் பிடுங்கினாள். ஆறு நாற்பதுக்குத் திருப்பிக் கொடுத்தாள். இடையில் வெந்திருக்கிறது. உப்புக் கொஞ்சம் கூடப் போடச் சொல்."