மடியில் வைத்த வெற்றிலை

“…வாங்குன வெத்தலைய வாயில போடாம மடியில வச்சுக்கிட்டா நாங்க என்னான்னு எடுத்துக்கிறது? பொண்ணு குடுக்க மனசில்லன்னா, நமுனுகுலயில இருந்து வேன் புடிச்சு வர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சம்பந்தி.”

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் என் அக்காவின் லயத்து வீடு. அக்கா மகளுக்குப் பரிசம். இப்படிக் கேட்ட மாப்பிள்ளையின் தாயார், தன் கையாலேயே வெற்றிலை மடித்து, பாக்கும் புகையிலையும் வைத்து அக்காவிடம் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் இரண்டு தாய்மாரும் ஒருவர் மடித்ததை மற்றவர் மென்ற பிறகுதான் தட்டு மாற்றுவோம். தட்டு, தாய்மாமனான என் மடியில். அக்கா கொடுத்ததை அந்தம்மா அப்போதே கன்னத்தில் அடக்கிவிட்டார். அக்காவோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்திருந்தாள்.

காரணம் எனக்கும் அக்கா மகளுக்கும்தான் தெரியும். மழை நாளில் மலையில் சறுக்கி விழுந்ததில் அக்காவுக்கு முன்பல் மூன்று போயிற்று. கழற்றி மாட்டும் செட்டுப் பல்லோடுதான் பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்றாள். “பொண்ணுக்கும் அம்மா மாதிரியே வரிசைப் பல்லு” என்று அன்று மெச்சியது இதே அம்மாதான். அந்தச் செட்டு சோறு தின்னும்போது கழன்று விழும். கல்யாணத்தன்று விழுந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் பதுளையில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தாடை எலும்பில் சின்னத் திருகாணி வைத்து, அது எலும்போடு ஒட்டிய பின் மேலே பல் பொருத்துவார்கள். முதல் தடவை, மலைக்குளிருக்கு வெற்றிலை போடுவதை அக்கா விடவில்லை. புண் பழுத்துத் திருகாணி ஆடியது, எடுத்துவிட்டார்கள். எலும்பு ஆறி மறுபடி வைத்தபோது, யாழ்ப்பாணத்துக்காரரான டாக்டர் சத்தம் போடாமல் சொன்னார்: “அம்மா, வெத்திலை, பாக்கு, புகையிலை ஒண்டும் வாயில வைக்கக் கூடாது. இந்த முறையும் விட்டுதெண்டால் திரும்ப வைக்க எலும்பு காணாது.” தையல் இன்னும் பிரிக்கவில்லை. அதனால் செட்டும் மாட்ட முடியாது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குத்தினார்: “கொழுந்தெடுக்கயில இந்தம்மா கைக்கு ஓய்வே இல்லையாம். வாய்க்குத்தான் இன்னைக்கு லீவு போல.”

வேறு இடத்தில் கேட்டிருந்தால் இந்தப் பேச்சை ரசித்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். அன்று தட்டை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “வேன திருப்பச் சொல்லுங்க” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

அக்கா மடியிலிருந்த வெற்றிலையை எடுத்தாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள்.

“வேணாம்மா” என்றாள் மகள். “எனக்காக ஒன்னும் வேணாம்.”

அக்காவின் கை அப்படியே நின்றது. பிறகு முந்தானையை விலக்கினாள்.

“பல்லு கட்டுறதுக்கு ஆணி வச்சிருக்கு சம்பந்தி. இன்னும் புடிக்கல. இத மென்னா போயிரும். நீங்க அன்னைக்குப் பாத்தது செட்டுப் பல்லு.” வாயைத் திறந்து காட்டினாள். வெறும் ஈறும் கறுப்பு நூல் தையலும்.

அந்தம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். எழுந்தார். போகத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையிலிருந்த வெற்றிலையை வாங்கி, காலியாக இருந்த தன் மறு கன்னத்தில் திணித்தார். இரண்டு கன்னமும் புடைக்க, பேச முடியாமல், தட்டைக் கொடு என்று என் பக்கம் கையை நீட்டினார்.