மச்சான் வாங்காத சாஃப்ட்வேர்

நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் எங்கள் தீவில், இந்த லவுடோகா ஊரில், என் கை படாத தெரு கிடையாது. மனையை ஒரு சுற்று நடந்து, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரு கொட்டாங்கச்சி யங்கோனா வேர்ச்சாறு குடித்து எழுந்தால் போதும், வீட்டின் மொத்தச் செலவு என் வாயில் வந்துவிடும். அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் சனங்கள் வீடு கட்டினார்கள்.

தீவில் மூன்றாவது தடவை ஆட்சியைக் கவிழ்த்த பிறகு அந்த வாய்ச்சொல் செல்லவில்லை. நம் சனத்தில் பாதி பயந்துபோய் வெளிநாடு போய்விட்டது. வீடு இங்கே, பணம் அங்கே. அங்கே இருப்பவன் என்னோடு உட்கார்ந்து குடிக்கவா முடியும்? அச்சடித்த கணக்கை அனுப்பு என்கிறான்.

இதை எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டவன் என் மனைவியின் தம்பி. சுத்தியல் பிடிக்க நான் கற்றுக்கொடுத்த பயல். எஸ்டிமேட் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி, கலர் கலராக அச்சடித்து நீட்டினான். சனங்கள் அந்தத் தாளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது மார்டின்டாரில் ஒரு துணிக்கடைக்கு மாடி எடுக்கும் வேலை வந்தது. பணம் போடுகிறவர் கடைக்காரரின் அண்ணன், கனடாவில் எட்மன்டனில் இருந்தார். எங்கள் இரண்டு பேரிடமும் எஸ்டிமேட் கேட்டார். இதுவும் மச்சானுக்குப் போனால் நான் தெருவில் எப்படி நடப்பேன்? கம்ப்யூட்டர் தெரிந்த மருமகளைக் கூட்டிக்கொண்டு சாஃப்ட்வேர் விற்கும் கடைக்குப் போனேன். விற்பவரும் தமிழ்க்காரர். இரண்டு சாஃப்ட்வேர் காட்டினார்.

“என் மச்சான் எதை வாங்கினான்?”

“முதல் பெட்டி, அங்கிள். பிரிஸ்பேன் சரக்கு. நம்ம ஊர் வெயில் மழைக்குத் தோதானது.”

“அப்போ ரெண்டாவதைக் குடு.”

மருமகள் என் கையைப் பிடித்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான். “மாமா, இது கனடாவுது. ஸ்னோ விழற வீட்டுக்கு. ஹீட்டர்லாம் இருக்கு.”

“இருக்கட்டும். அவன்கிட்ட ஹீட்டர் இருக்கா?”

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கணக்கிலிருந்து ஹீட்டரை நீக்கினாள். சிமெண்டுக்கும் மரத்துக்கும் தகரத்துக்கும் நம் ஊர் விலையைப் போட்டாள். ஒரு வரியை மட்டும் நீக்க மறந்துவிட்டாள்: மனையில் பனி அள்ளும் கூலி. தார் உருகுகிற மார்டின்டாரில் பனி. ஆனால் எட்மன்டன்காரருக்கு அது உறுத்தவே இல்லை. அவர் அங்கே கட்டிய வீட்டுக்கும் இதே மாதிரித் தாள், இதே வரி. இவர்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்று வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்.

அன்று சாயந்திரமே யங்கோனா கலக்கி மச்சானைக் கூப்பிட்டேன். அவன் முகம் தொங்குவதை நான் பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டே வந்தான், கையில் அந்த முதல் பெட்டி.

“அத்தான், இதை நீங்க வெச்சுக்குங்க. எனக்கு விசா வந்துடுச்சு. அடுத்த மாசம் பிரிஸ்பேன். அந்த மார்டின்டார் வேலைக்கு சும்மா ஒரு பேப்பர் அனுப்பி வெச்சேன், அவ்ளோதான்.”

யங்கோனா வழக்கப்படி கைதட்டிவிட்டு ஒரே மூச்சில் குடித்தான். என் மனைவி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெருவெல்லாம் பிரிஸ்பேன் பேச்சு. என் மாடியைப் பற்றி ஒருவனும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுகிறான். அங்கே அவன் கட்டிக்கொண்ட வீடு மழைக்கு ஒழுகுகிறதா என்று மறக்காமல் கேட்பேன். இதுவரை ஒழுகவில்லையாம்.