மதியம் ஏறும் கோடு

அம்மாவின் சர்க்கரை ஏறிக்கொண்டே போனதற்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று சில வாரங்கள் நான் உறுதியாக நம்பினேன். டாக்டர்தான் அந்த எண்ணத்தை என் தலையில் போட்டார். ரிப்போர்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்சுலினை எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். ஃப்ரிட்ஜில் என்றேன். "ஃப்ரிட்ஜ் ஒழுங்கா ஓடுதான்னு பாருங்க. கூலிங் இல்லன்னா மருந்துல வீரியம் இருக்காது. இப்படியே போனா கால்ல இருக்கற இந்தப் புண் ஆறாது" என்றார். அம்மாவின் கால் கட்டைவிரல் புண்ணை அழுத்திப் பார்த்துக்கொண்டேதான் அவர் அதைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் எடுத்தது இப்படி ஒரு புண்ணில் ஆரம்பித்ததுதான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா மிஷன் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவேன். காலை ஊசியும் இரவு ஊசியும் என் பொறுப்பு. மதிய ஊசியை மட்டும் அம்மா தானே போட்டுக்கொள்வாள். "எனக்கு என்ன கை விளங்காமப் போச்சா?" என்று ஒருமுறை கேட்டதிலிருந்து நான் அதில் தலையிடுவதில்லை.

டாக்டர் சொன்ன பிறகு யோசித்தால் எல்லாம் பொருந்தி வந்தது. பால் அடிக்கடி திரிந்தது. அதற்காக நான் பால்காரரைப் பிடி பிடியென்று பிடித்திருந்தேன். ஐஸ் கட்டிகள் தட்டில் தனித்தனியாக இல்லாமல், உருகி மறுபடி உறைந்து ஒரே பாளமாகக் கிடந்தன. ஆனால் சாயங்காலம் நான் வந்து கதவைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சியாகத்தான் இருக்கும். குளிர்கிற பெட்டிக்குள் பால் எப்படிக் கெடும்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன். நான் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் சர்ச் பூசை முடிந்து வந்ததும் வரச் சொன்னேன். பெரிய பை நிறையக் கருவிகளோடு வந்தார். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ஒவ்வொன்றையும் எடுத்து, நகைக்கடையில் காட்டுவது போல என்னிடம் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். ஒயரைக் கவ்விப் பிடித்து எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று சொல்லும் கிளாம்ப் மீட்டர் ஒன்று. கேஸ் கசிந்தால் பீப் பீப்பென்று கத்தும், வளைந்த மூக்குள்ள கருவி ஒன்று. அதைக் குழாய் நெடுகக் கொண்டுபோனார். அது வாயே திறக்கவில்லை. கம்ப்ரசர் குழாயில் சிறிய வால்வு மாட்டி, முள் வைத்த கேஜில் கேஸின் அழுத்தத்தைப் பார்த்தார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"யாராச்சும் சுவிட்சை அமத்துவீங்களாக்கா?"

"ஃப்ரிட்ஜை எதுக்குத் தம்பி அமத்தப் போறோம்? கரண்டை மிச்சம் பிடிக்கவா?" என்றேன். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?" என்று கேட்டாள். அவர் சொன்னார். காபி குடிக்கும்போது மறுபடியும் அதையே கேட்டாள். அவர் மறுபடியும் சொன்னார். வாத்தியார் புத்தி, பையன்களை இரண்டு தடவை கேட்டால்தான் திருப்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பால் திரிந்தது. அடுத்த ஞாயிறு வந்து கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயை மாற்றினார். அதற்குப் பிறகும் திரிந்தது. அம்மாவின் சர்க்கரையும் இறங்கவில்லை. புது இன்சுலின் வாங்கி வந்தேன். அதுவும் கேட்கவில்லை. இரவில் அந்தப் புண்ணுக்கு மருந்து போடும்போதெல்லாம் ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்து மனதுக்குள் திட்டுவேன். அது பாட்டுக்கு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், சமையலறையில் இடம் இல்லாததால் ஹாலில் நின்றுகொண்டிருக்கும்.

மூன்றாவது முறை மெக்கானிக் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். "இது உள்ளயே கிடக்கட்டும்க்கா. நிமிஷத்துக்கு நிமிஷம் எம்புட்டு குளிர் இருக்குன்னு எழுதிக்கிட்டே இருக்கும். அடுத்த ஞாயித்துக்கெழமை வாரேன், கள்ளன் மாட்டிருவான்" என்றார்.

சொன்னபடி வந்து அதைத் தன் போனோடு இணைத்தார். திரையில் ஒரு நீலக் கோடு ஓடியது. ஏறினால் சூடு, இறங்கினால் குளிர். வேலை நாட்களில் எல்லாம் மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கோடு மேலே ஏறத் தொடங்கி, நாலு மணிக்குப் பிறகு இறங்கியது. எல்லா நாளும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு. முந்தைய ஞாயிறு மட்டும் பகல் முழுக்கச் சமதரை.

இருவரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். "வோல்டேஜ்தான்க்கா. பக்கத்துல பட்டறை எதுவும் இருக்கா? ஞாயித்துக்கெழமை லீவு விடற மாதிரி?" என்றார். அடுத்த தெருவில் வெல்டிங் பட்டறை இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பட்டறைக்கு மேல் குடியிருக்கும் பெண்மணியிடம் என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போனேன். அவரோ, "கடையா? அலங்காநல்லூர்ல மண்டபத்துக்கு இரும்பு கேட்டு போடப் போயிருக்காக. தொறந்தே ரெண்டு வாரம் ஆகுது" என்றார். தயாரித்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

மெக்கானிக் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பெருசு கிடக்கட்டும்க்கா. ராத்திரி வர்ற இந்தச் சின்ன மேடு என்ன?"

"அது ஒண்ணுமில்ல, ஜெபம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது எதுவும் சத்தம் போடக்கூடாது. டிவி, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் முழங்கால் போடுவோம். முன்பிருந்த பழைய ஃப்ரிட்ஜ் லாரி மாதிரி உறுமும். அப்பா காலத்தில் வந்த பழக்கம் அது. கடைசி ஆமென் சொன்னதும் எழுந்து சுவிட்சைப் போடுவோம். புது ஃப்ரிட்ஜ் சத்தமே போடாது. பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. சிலுவை போடுவது போல அதுவும் ஜெபத்தில் சேர்ந்துவிட்டது. அதை ஃப்ரிட்ஜை அணைப்பதாக நாங்கள் யாருமே நினைத்ததில்லை.

"முதல் நாளே கேட்டேன்லக்கா" என்றார் அவர். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "சரி, அப்ப மத்தியானம் இந்தப் பெரிய ஜெபம் என்ன?"

நான் வேலைக்குப் போகிற நாட்களில் மதியம் அம்மா தனியாக ஒரு ஜெபமாலை சொல்வாள். அது முடிந்து ஊசி, அப்புறம் சாப்பாடு. ஆனால் அதுவும் ராத்திரி சொல்கிற அதே ஐந்து தேவரகசியம்தான், பத்துப் பத்து மணியாக உருட்டினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்ன மேடாகத்தானே இருக்க வேண்டும்? அவர் தலையைச் சொறிந்தார். "மெஷின்ல குத்தம் இல்லக்கா. நீங்க ஒரு நா வீட்ல இருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கருவிகளைப் பைக்குள் அடுக்கினார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். ஒன்றரை மணிக்கு வந்து சாவி போட்டுக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். வெயிலுக்கு ஹாலில் ஃபேன்கூட ஓடவில்லை. அம்மா சுரூபத்துக்கு முன்னால் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மேசையில் நான் மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. ஃப்ரிட்ஜின் சுவிட்ச் அணைந்திருந்தது.

ஐந்தாவது தேவரகசியம் நடந்துகொண்டிருந்தது. மன்றாட்டும் முடிந்தது. அம்மா சிலுவையை முத்தமிட்டாள். இப்போது எழுந்து சுவிட்சைப் போடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த மாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை நகர்த்தி, மறுபடியும் முதல் தேவரகசியத்தை அறிக்கையிட்டாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றேன். தெரு முனையில் இருக்கும் அம்மாவின் பழைய பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்கு அடிக்கும் நீண்ட மணி அப்போது நினைவுக்கு வந்தது. வேலைக்குப் போன காலமெல்லாம் அம்மா எழுந்து பையை எடுத்தது அந்த மணிக்குத்தான். இப்போதும் அந்த மணிதான் அவளை எழுப்பிச் சுவிட்சைப் போட வைத்திருக்கிறது. மதிய ஊசியும் சாப்பாடும் அதற்கு அப்புறம்தான். மருந்து கெட்டதெல்லாம் இரண்டாம் பட்சம். மெஷின் வெடித்தே போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. அதை மாற்றிவிடலாம்.

பக்கத்தில் போய் முழங்கால் போட்டேன். அம்மாவோடு சேர்ந்து அந்த ஜெபமாலையைக் கடைசிவரை சொன்னேன். அவள் சிலுவையை முத்தமிட்டு விரலை நகர்த்தும்போது, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமென். முடிஞ்சிருச்சும்மா."

"முடிஞ்சிருச்சா?" என் முகத்தையே பார்த்தாள். "கொஞ்ச நாளா இந்த ஜெபமாலை ரொம்ப நீளமா இருக்கு பாப்பா. பசிச்சிருது."

என் தோளைப் பிடித்து எழுந்து போய், தானே சுவிட்சைப் போட்டாள். ஃப்ரிட்ஜ் மெல்ல ஓடத் தொடங்கியது. அதன் கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

"அந்தத் தம்பி வந்துட்டுப் போனானே, என்ன கோளாறுன்னு சொன்னானா?"

"ஃப்ரிட்ஜ் நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன்.