மருந்து ஏறும்வரை மவுனம்

என் அக்கா சக்ரேஸ்வரியின் கணவர் அறவாழி, ஆரணியில் பட்டுப்புடவை தரகர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்கும்போதே நர்ஸுக்குப் புடவை விலை சொன்ன மகானுபாவர்.

அந்தப் பாழாய்ப்போன கட்டி இந்த வருஷம் திரும்பி வந்தது, அதுவும் பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளைவரை ஏற்றி, கட்டிக்கே நேராக மருந்து விடலாம் என்றார் சென்னை டாக்டர். குணமாகாது, வளர்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

"மயக்கம் தரமாட்டோம். நடுநடுவுல பேசச் சொல்வோம். பேச்சு தடுமாறினா மருந்த நிறுத்திடுவோம்" என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா எங்கே கேட்டார்? டாக்டருக்கு ஜரிகை பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றோம்.

கஷ்டகாலத்தில் மவுன விரதம் இருப்பது எங்கள் சமணக் குடும்பங்களில் வழக்கம். பயந்துபோயிருந்த அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்நேரமும் பேசிகினே இருப்பீங்களே, மருந்து ஏறி முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. எம்மேல சத்தியம்."

மாமா தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அக்கா பேச்சை அவர் கேட்டது அன்றைக்குத்தான். கேட்க வேறு நாளா கிடைக்கவில்லை!

மருந்து ஏறத் தொடங்கியதும், உள்ளே டாக்டர் ஊர்ப் பெயரைக் கேட்டார். மாமா சிரித்தார். சொந்தப் பெயரைக் கேட்டார். அதற்கும் சிரிப்புதான். டாக்டர் வெளிறிப்போய் வெளியே வந்தார்.

"பேச்சு நின்னுடுச்சும்மா. மருந்த நிறுத்திட்டேன். குழாய எடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஐயோ சார், அவரு விரதம்!"

டாக்டர் அக்காவைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் போய்ச் சொல்லியும் மாமா மசியவில்லை. சத்தியமாயிற்றே! கடைசியில் பக்கத்துக் கண்ணாடி அறையில் இருந்த மைக்கில் அக்காவையே பேச வைத்தார்கள்.

"என்னங்க, விரதம் முடிஞ்சுது. பேசுங்க!"

"இத சொல்ல இவ்ளோ நேரமாடி? முதுகு பேஜாரா வலிக்குது!"

அதன்பிறகு மருந்து முழுவதும் ஏறும்வரை, டாக்டர் மனைவிக்கு எந்த நிறம் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

இப்போது சில வார்த்தைகள் அவருக்கு நழுவுகின்றன. தறி என்பதற்குத் தட்டு என்கிறார். "வாய மூடுங்க" என்றே காலம் தள்ளிய அக்கா, விடிந்ததும் அவரை உலுக்குகிறாள்.

"ஏதாவது பேசுங்க."

"இன்னா பேசறது?"

"யாரையாவது திட்டுங்க."

நேற்று நான் காபியோடு உள்ளே போனேன்.

"வந்துட்டான் பாரு தண்டச்சோறு, ஜினகுமாரு!"

என் பெயர் சரியாக வந்தது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.