நத்தையும் உத்தியோகமும்

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்து ஸ்ரீவராகத்து ஜானவிக்கு விலங்கியல் பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பிளஸ் டூவில் வாங்கிய மார்க்குக்கு எஞ்சினீயரிங் கிடைக்கவில்லை, கிடைத்ததைப் படித்தாள், படித்ததில் மனசு ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்றால் உடும்புப்பிடி. சுவரில் பல்லி கத்தினால் வீட்டில் எல்லோரும் பலன் பார்ப்பார்கள், இவள் அது எந்தப் பல்லி என்று பார்க்க நாற்காலி போட்டு ஏறுவாள்.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் வந்ததும் அப்பா வாயைத் திறந்தார். "பல்லியும் பாச்சையுமா உனக்குச் சம்பளம் குடுக்கப் போறது? பரீட்சை முடிஞ்ச கையோட பாங்க் கோச்சிங்ல சேர்ந்துடு." அம்மா நாகலக்ஷ்மியும் ஒத்து ஊதினாள்.

அதற்குப் பதில் காலேஜில், ரெனி மிஸ் நடத்திய செமினாரில் வந்தது. பாடம் அந்நிய உயிரினங்கள்: எங்கிருந்தோ வந்து, உள்ளூர் உயிர்களை ஓரங்கட்டிவிட்டுப் பட்டா போட்டுக்கொள்ளும் செடிகள், மீன்கள், பூச்சிகள். ஆளுக்கொரு உயிரை எடுத்துக்கொண்டு, அது ஊரில் எப்படிப் பரவுகிறது என்று துப்புத் துலக்க வேண்டும். கடைசி நாள் வெளியிலிருந்து வருகிறவர் முன்னால் பேச வேண்டும். அவர் வேலைக்கு ஆள் எடுப்பதுபோலவே குடைந்து குடைந்து கேட்பார். பாடமும் ஆச்சு, இன்டர்வியூவுக்குப் பயிற்சியும் ஆச்சு என்பது மிஸ்ஸின் கணக்கு. இந்தத் தடவை வரப்போகிறவர் சத்தியநேசன், ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இதே வேலையாக இருப்பவர். அவர் நிஜமாகவே ஒருவரைத் தன் திட்டத்துக்கு உதவியாளராக எடுப்பார் என்று தெரிந்ததும் ஜானவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வேலை கிடைத்தால் பிழைத்தாள். கிடைக்காவிட்டால் வட்டிக் கணக்குத்தான்.

அவள் எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்க நத்தை. மலையாளத்தில் ஒச்சு. உள்ளங்கை நிறைய இருக்கும். மழை விட்டதும் சுவரில் ஏறிச் சுண்ணாம்பைச் சுரண்டும், இறங்கிவந்து பப்பாளி, முருங்கை, வாழை என்று வஞ்சனையில்லாமல் சாப்பிடும், ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குடையும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்து, நத்தை கண்ட இடத்துக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது, ஒரே ஒரு இடம் தவிர. ஊருக்கு அந்தப்பக்கம் ஒரு குளம். சுற்றிலும் வீடில்லை, தோட்டமில்லை. அதன் கரையில் மட்டும் நத்தை மொய்த்துக் கிடந்தது. வழியில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. நத்தை என்ன பஸ் பிடித்தா போகும்?

குளத்துப் பக்கத்தில் கட்டட வேலை நடந்தது. லாரி மண்ணோடு முட்டை வந்திருக்கும் என்று ஜானவி முடிவு கட்டினாள். ரெனி மிஸ்ஸுக்கும் அது பிடித்துப்போயிற்று. "கொள்ளாம் மோளே!" என்று மலையாளத்தில் சபாஷ் போட்டார்.

செமினாருக்கு முந்தின நாள், விடிந்தும் விடியாததுமாக, லாரி மண் கொட்டுவதைப் படம் எடுக்கலாம் என்று குளத்துக்குப் போனாள். லாரி வரவில்லை. ஆட்டோ வந்தது. அதிலிருந்து, தட்டுப் போட்டு மூடிய பக்கெட்டும் இடுக்கியுமாக இறங்கியது அவளைப் பெற்ற தாயார். பின்னாலேயே எதிராத்து ஜெயலக்ஷ்மி மாமி, அவள் கையிலும் ஒரு பக்கெட். இரண்டு பேரும் கரையோரம் குனிந்து, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற பதமாக, ஒவ்வொரு நத்தையாக இறக்கிவிட்டார்கள்.

"அம்மா!"

நாகலக்ஷ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எங்கேடி இங்க வந்தே?"

"நீ என்ன பண்றே இங்க?"

"என்ன பண்றதா? முருங்கையை மொட்டையடிச்சுடுத்து சனியன். உப்பைப் போடுங்கறா எல்லாரும். கொல்லப்படாதுடி, அதுவும் ஒரு ஜீவனாக்கும். இங்க பச்சையா இருக்கு, ஜலம் இருக்கு. பொழச்சுப் போகட்டும்னு கொண்டு விடறோம்."

"விடறோம்னா? எத்தனை பேர்?"

"தெருவே முறை வச்சுண்டு வரோம்," என்றாள் ஜெயலக்ஷ்மி மாமி பெருமையாக. "புண்ணியமாச்சே!"

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா பிடிச்சுண்டு போய் அறுத்துப் பார்ப்பே நீ. உன்னைத் தெரியாதா எனக்கு?"

ஜானவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரெல்லாம் விசாரித்தவள் சொந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! இந்த மாமிகள் புண்ணியம் தேடிய வேகத்தில், நத்தை ஊரைத் தாண்டிக் குடித்தனம் போட்டுவிட்டது. அதைச் சொன்னதும் நாகலக்ஷ்மியின் முகம் சுருங்கிப்போனது. "காலேஜ்ல என் பேரை மட்டும் எடுத்துடாதேடி. மானம் போயிடும்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவள் கெஞ்சினால் பெண் என்ன செய்வாள்? சரி என்று தலையாட்டிவிட்டாள். லாரிக் கதைதான் ஏற்கெனவே தயாராக இருக்கிறதே.

மறுநாள் ஜானவி லாரியைப் பற்றி நன்றாகவே பேசினாள். சத்தியநேசனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்பம் மண்ணு கொட்டுகத முதல்ல நிறுத்தணும். அந்தக் காண்ட்ராக்டருக்கு இன்னைக்கே நோட்டீஸ் அனுப்பச் சொல்லுகேன்," என்று போனை எடுத்தார்.

ஜானவி போனுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். யாரோ ஒரு லாரிக்காரன், அவன்பாட்டுக்கு மண் அடித்துப் பிழைக்கிறவன்.

"சார், வேண்டாம். லாரி இல்லை."

"பின்ன?"

"எங்கம்மா."

வகுப்பு ஒரு நிமிஷம் முழித்தது. அவள் பக்கெட், ஆட்டோ, முறை எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பில் அறை அதிர்ந்தது. சத்தியநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார்: "தெரிஞ்சும் ஏன் லாரின்னு சொன்ன?"

"அம்மா பேரைச் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன் சார்."

"இப்பம் சொல்லிட்டியே?"

"லாரிக்காரன் என்ன பாவம் பண்ணினான் சார்?"

அவர் போனைப் பைக்குள் போட்டார். "செரி. உங்க அம்மைய எப்படி நிறுத்துவ?"

"நிறுத்த முடியாது சார். நத்தை பிடிக்கறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிடிக்கட்டும். குளத்துக்குப் போற பக்கெட் என்கிட்ட வரட்டும். கொல்றது நான் பண்றேன், பாவமும் எனக்கே இருக்கட்டும்."

சத்தியநேசன் ரெனி மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

வீட்டுக்கு வந்து ஜானவி ஒன்றையும் மறைக்கவில்லை. வேலை கிடைத்ததையும் சொன்னாள், வாக்கைக் காற்றில் விட்டதையும் சொன்னாள், பாவத்துக்குத் தான் பொறுப்பேற்றதையும் சொன்னாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கோச்சிங் பேச்சை அதோடு விட்டார். நாகலக்ஷ்மியின் அடுக்களையில் அன்று சாயங்காலம் முழுக்கப் பாத்திரங்கள்தான் பேசின. ஆனாலும் படுக்கப் போகுமுன், எதிராத்துக்குக் கேட்கிற குரலில் யாரிடமோ போனில், "ஆமா, எங்காத்து ஜானவிக்கு உத்யோகம் ஆயிடுத்து," என்று சொன்னது காதில் விழத்தான் விழுந்தது.

காலையில் மழை விட்டிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு, உப்புப் பாக்கெட்டோடு ஜானவி கொல்லைப்பக்கம் வந்தாள். தெருவிலிருந்து வந்த பக்கெட்டுகள் வரிசையாக நின்றன. நடுவில் நாகலக்ஷ்மி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய் நாராயணா நாராயணா என்று முணுமுணுக்க, கரைத்துவைத்த உப்புத் தண்ணீரைக் கடைசிப் பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான் பண்றேன்னேனே!"

நாகலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது.

"நாளைக்குக் கல்யாணம், குழந்தை குட்டின்னு ஆகவேண்டிய பொண்ணு நீ. இந்தப் பாவம் உனக்கு வேண்டாம், என்னோட போகட்டும். அந்தப் பத்மநாபன் கேட்டா, பொண்ணு உத்யோகத்துக்காகப் பண்ணினேன்னு சொல்லிக்கறேன். தள்ளு, நான் போய்த் தலைக்குக் குளிக்கணும்."