ஞாயிற்றுக்கிழமை வெயிலில் விளைந்த ஐஸ்

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நறுவிலிக்குளத்தில் பஸ் ஏறினேன். வயலுக்கு நீர் இறைக்கும் என் டீசல் இயந்திரத்திற்கு மாற்று உண்டா என்று கண்ணால் கண்டறிவதே பயண நோக்கம். மன்னார்ப் பாலம் கடந்து, பஸ் மாறி, எட்டரைக்குப் பேசாலையில் இறங்கினேன்.

கரையோரமாக நின்றது, வெயிலில் ஓடுவதாக நான் கேள்விப்பட்டிருந்த பிலோமினா அம்மையாரின் ஐஸ் ஆலை. கூரை முழுவதும் சோலார் தகடுகள். அம்மையார் தேவாலயப் பூசைக்கு உடுத்த சேலையுடனேயே ஏணியில் நின்று, தகடுகளில் படிந்த உப்புப் புழுதியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ ஐயா, கதிரையில இருங்கோ. இண்டைக்குக் கொஞ்ச வெயிலும் வீணாகக் கூடாது."

ஞாயிறன்று இங்கே எவரும் கடலுக்குப் போவதில்லை. திங்கள் விடியுமுன் எல்லாப் படகுகளும் ஒன்றாய்ப் புறப்படும். அவற்றுக்கு ஞாயிற்று வெயிலே ஐஸ் ஆக வேண்டும்.

"டீசல் காலத்தில ஞாயிறு பகல் மெசினை நிப்பாட்டி, இரவில ஓட்டி ஐஸ் எடுப்பம். போன ஞாயிறும் அந்தப் பழக்கத்தில நிப்பாட்டிப்போட்டன். திங்கள் குடுக்க ஐஸ் இல்லை," என்றார்.

அவ்வழி வந்த படகு முதலாளி சூசைப்பிள்ளை நின்று சிரித்தார். "சுவாமி பிரசங்கம் முடிக்க முதலே ஓடி வந்திட்டியள். நாளைக்கும் ஐஸ் இல்லையெண்டால், நாங்கள் பழையபடி டவுனில டீசல் ஐஸ்தான் எடுப்பம், அக்கா."

"டீசல் ஏறினால் அந்த ஐஸும் ஏறும். வெயிலுக்கு ஆர் விலை ஏத்துறது?" என்றார் அம்மையார். ஆயினும் அவர் குரலில் பயம் இருந்தது. படகுகள் போய்விட்டால் ஆலையை மூடவேண்டியதுதான்.

நண்பகலில் முகில் மூடியது. இயந்திரத்தின் ஓசை தணிந்தது. அம்மையார் செபமாலையை உருட்டியபடி வானத்தையே பார்த்திருந்தார். இரண்டு மணிக்கு வெயில் மீண்டது. முன்பு டீசல் இயந்திரம் நின்ற இடத்தைச் சுற்றி, எண்ணெய் ஊறிக் கறுத்த மண்ணில் இன்னும் புல் முளைக்கவில்லை. புதிய இயந்திரத்தின் அருகிலோ கோழிகள் மேய்ந்தன. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை.

அயல்வீட்டில் தங்கி, திங்கள் அதிகாலை நான்கு மணிக்கு மீண்டும் சென்றேன். அறை நிறைய ஐஸ். கடைசிப் படகுக்கும் கொடுத்தபின் இரண்டு ஐஸ் பாளங்கள் மிஞ்சின.

"அப்ப அடுத்த ஞாயிறும் பிரசங்கம் இல்லையோ?" என்றார் சூசைப்பிள்ளை, தன் பெட்டியைத் தூக்கியபடி.

"முதற்பூசைக்குப் போவன். நீர்தான் ஒரு பூசைக்கும் வாறேல்லை."

படகுகள் திரும்பியபின், ஐஸ் இட்ட பெட்டியில் இரண்டு பாரை மீன்களை வைத்து அம்மையார் என்னை வழியனுப்பினார். நண்பகலில் வீடு சேர்ந்து பெட்டியைத் திறந்தேன். மீனின் மேல் ஐஸ் கரையாமல் இருந்தது. வயற்பக்கத்தில் வீட்டார் போட்டுவிட்ட என் டீசல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளாகக் கேட்ட ஓசைதான். அன்றுதான் அது எனக்கு இரைச்சலாகக் கேட்டது.