ஐந்து தடவை கட்டிய வீடு

இரட்டைச் சுவர்

முதல் நாளே அளவு இடித்தது. வெளிப்பக்கம் டேப் பிடித்த நீளமும், உள்ளே அறை அறையாக எடுத்துக் கூட்டிய நீளமும் ஒத்துவரவில்லை. பழைய கட்டடங்களை அளந்து பிளான் போடுவது என் தொழில். இப்படி இடித்தால் ஏதோ ஒரு சுவரைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அது மலைமேல், புதூர்நாட்டுப் பக்கம், சாமைக் கொல்லைக்கு நடுவில் இருந்த ஒரு விவசாயி வீடு. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கப் பணம் தரும் ஒரு அறக்கட்டளைக்காக எங்கள் அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது. வீட்டில் கோவிந்தன், அவர் மனைவி மங்கை, கோவிந்தனின் தம்பி சின்னப்பன் மூன்று பேர்.

இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஜன்னல். உள்சுவரில் எதற்கு ஜன்னல் என்று கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை தாண்டியும் சுவர் முடியவில்லை. அந்தப் பக்கம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த மங்கை சிரித்தார்.

"அதுல தாங்க உப்பு, தீப்பெட்டி எல்லாம் குடுத்து வாங்குவோம். மூடிடலாம்னாரு இவரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

ஒரு காலத்தில் அது வெளிச்சுவர். அதை இடிக்காமல், ஒட்டியே இன்னொரு சுவர் வைத்து அடுத்த அறையைக் கட்டியிருக்கிறார்கள். அது புரிந்ததும் வீடு முழுக்கப் புரிந்தது. முதலில் சாமை வைக்கோல் கலந்த மண்ணில் ஒற்றை அறை. பிறகு கல்லின் மேல் தூக்கிக் கட்டிய தானிய அறை. பிறகு நாட்டு ஓடு போட்ட கூடம். நாலாவது, ஆட்டுக்கொட்டகையாக இருந்து அறையானது. அதன் தூண்களில் கயிறு அறுத்த பள்ளம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் தரைமட்டம் மாறும். குடும்பம் பெருகப் பெருக வீடும் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாவது, ஹாலோ பிளாக்கில் ஒரு குளியலறை. சின்னப்பன் புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவர் படுத்திருக்கும் அறையின் மண்சுவரை உடைத்து, படியில்லாமல் சரிவு வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் அளக்கும்போது சக்கர நாற்காலியை உருட்டிக் காட்டினார்.

"எங்கண்ணன் கட்டுனதுங்க. யாரும் தூக்காம நானே போய்ட்டு வர்றேன்."

ஹாலோ பிளாக்

பிளான், செக்‌ஷன் எல்லாம் வரைந்து முடித்த பிறகு எங்கள் ஆர்க்கிடெக்ட் நேரில் பார்க்க வந்தார். கெட்டிக்காரர். கூடத்துக் கூரையின் கைமரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பின்பக்கம் போய்க் குளியலறையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இத எடுத்துடணும் கோவிந்தன். பழைய வீடு எப்படி இருந்துச்சோ அப்படி இருந்தாத்தான் பணம் தருவாங்க. பின்னாடி கொஞ்சம் தள்ளித் தனியா நல்ல பாத்ரூமே கட்டித் தர்றோம்."

கோவிந்தன் பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து சின்னப்பன் குரல் வந்தது.

"மழையில நான் சேத்துல தவழ்ந்து போவணுங்களா சார்?"

மங்கை முன்னால் வந்து சொன்னார்.

"கூர ஒழுவுது சார், ஓடு மாத்திக் குடுத்தா புண்ணியம். ஆனா அத்த இடிச்சுத்தான் ஆவணும்னா எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. ஒழுவுற வூட்டுலயே இருந்துக்கறோம்."

திரும்பும்போது ஜீப்பில் ஆர்க்கிடெக்டிடம் கேட்டேன். "சார், ஆட்டுக்கொட்டகைய அறையாக்குனதும் பின்னால சேர்த்ததுதானே? அத வெச்சுக்கறோம், இத மட்டும் ஏன் எடுக்கணும்?"

"அது பழசும்மா."

"இதுவும் பழசாவும் சார்."

"அத அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அறக்கட்டளைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஏலகிரிப் பக்கம் வேறொரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மழைக்குப் பிறகு

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. ஓட்டுக்கூரையும் பழைய கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கி, இரட்டைச் சுவருக்கு நடுவே ஊறி, முதல் அறை இடிந்து உட்கார்ந்துவிட்டது. ஆள் யாருக்கும் அடியில்லை. கோவிந்தன் போனில் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன தையில் போய்ப் பார்த்தேன். மீதியையும் இடித்து மண்ணை வாரிக் கொல்லையில் கொட்டிவிட்டார்கள். அதே இடத்தில் அரசாங்கத் திட்டத்தில் கட்டிய கான்கிரீட் வீடு, சதுரமாக. மழைக்கு ஒழுகாது, தரை ஒரே மட்டம், சின்னப்பன் வீடு முழுக்க உருண்டு வருகிறார். அவர்களுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. குறை சொல்ல எனக்கு என்ன உரிமை?

ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்த இரண்டு கூரை சேரும் இடத்தில் தண்ணீர் வடிய ஒரு தகரத் தூம்பு வைத்து, நாலு வரிசை ஓடு மாற்றியிருந்தால் சுவர் நின்றிருக்கும். அவ்வளவு சின்ன வேலை. மலையில் அப்படி ஒரு வீட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும், இது எந்தக் காலத்து வீடு என்று முதலில் கேட்காதீர்கள். யார் எங்கே படுக்கிறார்கள், யாரால் நடக்க முடியாது என்று கேளுங்கள். டேப்பை அதற்கப்புறம் எடுக்கலாம்.